வைகறையில் நடந்த பெண்கள்

இந்தியாவில் பறவை நோக்கலின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் துப்பாக்கியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். மதராஸ் ராணுவத்தில் மருத்துவராக இருந்த டி.சி. ஜெர்டன் 1862 முதல் 1864 வரை வெளியிட்ட பறவை நூல், ஏ.ஓ. ஹியூம் 1885இல் லண்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்த 80,000க்கும் மேற்பட்ட பறவைத் தோல்களும் முட்டைகளும், சிறுவன் சாலிம் அலி ஏர்கன்னால் சுட்ட மஞ்சள் கழுத்துக் குருவி என்று அந்தக் கதை நகரும். 1941இல் சாலிம் அலியின் நூல் வெளிவந்த பிறகு துப்பாக்கி இருந்த இடத்துக்குத் தொலைநோக்கி வருகிறது. கதையில் வருகிறவர்கள் எல்லோரும் ஆண்கள். அவர்களுக்கு நாம் சூட்டும் பட்டமும் 'பறவை மனிதர்'தான்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் மாசி, பங்குனி மாதங்களில் நடக்கும் பறவை நோக்கு நடைகளுக்குச் சில ஆண்டுகளாகப் போய்வருகிறேன். அந்த நடைகளில் எனக்குள் எழுந்த கேள்விகளுக்கு விடை தேடப் போய், இதே வரலாற்றை வேறொரு முனையிலிருந்து படிக்க நேர்ந்தது. அங்கே தொடக்கத்தில் இருப்பது துப்பாக்கி அல்ல. நாடகம் பார்க்கப் பெண்கள் கையில் வைத்திருந்த சிறு கண்ணாடி.

1886இல் அமெரிக்காவில் ஸ்மித் பெண்கள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஃபுளோரன்ஸ் மெரியம், சக மாணவிகளைப் பறவை பார்க்க அழைத்துப் போகத் தொடங்கினார். அந்தக் காலத்தில் நாகரிகப் பெண் என்றால் தொப்பியில் இறகு இருக்க வேண்டும். சில சமயம் முழுப் பறவையையே பாடம் செய்து தொப்பியில் குத்திக்கொள்வார்கள். அந்த மாணவிகளைப் பார்த்து 'இறகு அணியாதீர்கள்' என்று பேசுவதற்கு முன், உயிரோடு இருக்கும் பறவையை மரத்தில் காட்டிவிட வேண்டும் என்று மெரியம் நினைத்தார். 1889இல் அவர் எழுதி வெளியிட்ட சிறு நூல், நாடகக் கண்ணாடி வழியே பறவைகளைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தது. கையில் எடுத்துக்கொண்டு வெளியில் போய்ப் பறவையை அடையாளம் காண உதவும் இன்றைய கையேடுகளுக்கு அதுவே முன்னோடி என்று பலர் சொல்கிறார்கள். இன்று நாம் 'பேர்ட் வாக்' என்று சொல்லும் கூட்டு நடையின் ஒரு வேர் பெண்கள் கல்லூரி ஒன்றின் வளாகத்தில் இருக்கிறது. மகளிர் கல்லூரிகளில் பாடம் நடத்தும் எனக்கும், அங்கே படிக்கும் உங்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

அதே 1889இல் இங்கிலாந்தில் எமிலி வில்லியம்சன் இறகு வணிகத்துக்கு எதிராகப் பெண்களைத் திரட்டி ஒரு சங்கம் தொடங்கினார். குரோய்டனில் எலிசா ஃபிலிப்ஸ், எட்டா லெமன் ஆகியோர் நடத்திய குழுவும் அதனுடன் இணைந்தது. பறவைகள் பாதுகாப்புக்கான ராயல் சொசைட்டியாக இன்று நிற்பது அதுதான். 1896இல் பாஸ்டன் நகரில் ஹாரியட் ஹெமன்வேயும் அவருடைய உறவினர் மின்னா ஹாலும் செல்வர் வீட்டுப் பெண்களைத் தேநீருக்கு அழைத்து, இறகுத் தொப்பியைக் கைவிடும்படி பேசிப் பேசி மாசசூசெட்ஸ் ஆடுபான் சங்கத்தை உருவாக்கினார்கள். இந்தியாவிலிருந்தும் கொக்கின் இறகுகள் கப்பல் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. 1902இல் இந்திய அரசு அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது. பிரிட்டனில் இறக்குமதித் தடைச் சட்டம் வந்தது 1921இல்.

இந்த வரலாற்றை நாம் வெறும் பெருமிதத்தோடு படித்துவிட முடியாது. பறவைகளுக்காக வாழ்நாளைக் கொடுத்த எட்டா லெமன், பெண்களுக்கு வாக்குரிமை கூடாது என்ற அணியில் இருந்தவர். மறுபுறம், 1920இல் இறகுத் தடை மசோதா நாடாளுமன்றத்தில் இழுபட்டபோது ஒரு பத்திரிகையாளர் பழி முழுவதையும் பெண்களின் அலங்கார ஆசைமீது போட்டார். வர்ஜீனியா வுல்ஃப் அதற்குப் பதில் எழுதினார். பறவையைச் சுடுகிறவர்கள் ஆண்கள், விற்று லாபம் பார்க்கிறவர்கள் ஆண்கள், மசோதாவை நிறைவேற்றாமல் இருக்கும் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருப்பவர்களும் ஆண்கள், பிறகு பெண்களை மட்டும் ஏன் கூண்டில் ஏற்றுகிறீர்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். இயற்கையைக் காப்பது பற்றிய பேச்சு எப்போது பெண்ணைக் கண்டிக்கும் பேச்சாக மாறுகிறது என்று கவனிக்கும் பழக்கம் எனக்கு அந்தக் கட்டுரையிலிருந்து வந்தது.

நம் ஊர்ப் பக்கம் வருவோம். 1801இல் மதராஸ் உச்ச நீதிமன்ற நீதிபதியாக வந்த ஹென்றி குவில்லிமின் மனைவி எலிசபெத் குவில்லிம், மதராஸின் பறவைகளை நீர்வண்ணத்தில் வரைந்தார். உயிருள்ள பறவையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைந்தவர் அவர் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இறகுகளின் அடுக்கை அவ்வளவு நுணுக்கமாகப் பதிந்திருக்கிறார். புகழ்பெற்ற ஆடுபானின் பறவை ஓவியங்கள் அச்சேறியது 1827இல்தான். எலிசபெத் 1807இலேயே மதராஸில் இறந்துவிட்டார். புனித ஜார்ஜ் கோட்டை தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். 100க்கும் மேற்பட்ட அவருடைய பறவை ஓவியங்கள் நூறு ஆண்டுகளுக்கு மேல் எங்கோ கிடந்து, 1920களில் ஒரு சேகரிப்பாளர் கண்ணில் பட்டு, இப்போது கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. ஓர் ஆங்கிலேய நீதிபதியின் மனைவிக்கே இந்த நிலை என்றால், அவருக்குப் பறவைகளைப் பிடித்துக்கொண்டுவந்து கொடுத்த மதராஸ்காரர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். காலனிய வரலாற்றில் ஒரு பெண் மீட்கப்படும்போது, அவர் நிழலில் இன்னும் சிலர் பெயரின்றி நிற்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

சுதந்திர இந்தியாவில் ஜமால் ஆரா. 1923இல் பீகாரில் பிறந்தவர். பெரிய படிப்பு கிடையாது. சோட்டா நாக்பூர்க் காடுகளில் நடந்து நடந்து பறவைகளைக் கற்றார். 1949 முதல் 1988 வரை ஆய்விதழ்களிலும் செய்தி மடல்களிலும் எழுதினார். 1970இல் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட அவருடைய சிறுவர் நூல், ஒரு தலைமுறைக்குப் பறவை பார்க்கக் கற்றுக்கொடுத்தது. பிறகு எழுத்து நின்றது, ஆளும் மறக்கப்பட்டார். 1995இல் இறந்தார். காட்டுயிர் வரலாற்றாளர் ராஸா காஸ்மி தேடி எழுதிய பிறகுதான் அவர் யார் என்று நமக்குத் தெரிந்தது. டில்லியின் பறவைகளைப் பற்றி உஷா கங்குலி எழுதிய நூல் அவர் இறந்த பிறகு 1975இல் வெளிவந்தது. சாலிம் அலியிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்த முதல் பெண் பிரியா தாவிதார், நம் நீலகிரியில் புல்லுருவிச் செடிகளுக்கும் பூக்கொத்திகளுக்கும் தேன்சிட்டுகளுக்கும் உள்ள உறவை ஆராய்ந்தவர். அவர் பின்னர் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். என் மாணவிகளிடம் சாலிம் அலியைத் தெரியுமா என்று கேட்டால் பாதிப் பேர் கை தூக்குவார்கள். இந்த மூன்று பெயர்களுக்கும் ஒரு கைகூட உயராது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்துகொண்டு வைகறை நடையைப் பற்றி எழுதும் ஒருத்தி ஆண்டாளிடம் வராமல் இருக்க முடியாது. நான் பக்தியாக இங்கே பேசவில்லை. திருப்பாவையின் முப்பது பாட்டையும் தமிழ் ஆசிரியராகப் பலமுறை நடத்தியிருக்கிறேன். அதன் முதல் பாதி, இருட்டு பிரியும் முன் தெருவில் இறங்கிய பெண்கள் மற்ற பெண்களை வீடு வீடாகப் போய் எழுப்பும் கதை. விடிந்துவிட்டது என்பதற்கு அவர்கள் காட்டும் சான்றுகளைக் கவனியுங்கள். ஆறாம் பாட்டில் பறவைகள் ஒலிக்கின்றன. ஏழாம் பாட்டில் ஆனைச்சாத்தன்கள் ஒன்றோடொன்று பேசுகின்றன. பதின்மூன்றாம் பாட்டில் வெள்ளி எழுந்து வியாழன் மறைந்ததோடு மறுபடியும் பறவைகளின் ஒலி. பதினெட்டில் கோழியும் குயிலும். ஆனைச்சாத்தன் என்பது வலியன் என்று உரைகாரர்கள் சொல்கிறார்கள். வலியன் என்றால் நம் கரிச்சான், இரட்டைவால் குருவி. கிழக்கு வெளுக்கும் முன்பே குரல் கொடுக்கத் தொடங்கும் பறவைகளில் அது ஒன்று என்பதை எங்கள் நடைகளில் ஒவ்வொரு முறையும் கேட்டிருக்கிறேன். பாடியவர் அந்த நேரத்தில் விழித்திருந்தவர், வெளியே வந்தவர், எந்தக் குரல் முதலில் வரும் என்று அறிந்தவர்.

அதே ஆண்டாளின் கையில் இன்று தினமும் ஒரு கிளி வைக்கிறார்கள். மரவள்ளி இலை, மாதுளம்பூ மூக்கு, மூங்கில் குச்சி என்று அன்றன்றைக்குப் புதிதாகச் செய்யும் கிளி. அழகான வேலைப்பாடு. நாச்சியார் திருமொழியில் ஒரு பதிகம் முழுக்கக் குயிலிடம் பேசியவர், தெருவில் நின்று கரிச்சானைக் கேட்டவர். அவர் கையில் பறக்காத கிளியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஏதோ உறுத்தும்.

குயில் என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். தமிழ்க் கவிதையில் குயில் அநேகமாகப் பெண். பாரதியின் குயில் பாட்டிலும் பாடுகிற குயில் பெண்தான். பங்குனியில் நம் வேப்பமரத்தில் உச்சஸ்தாயிக்கு ஏறிக் கூவுவது கறுத்த ஆண் குயில். புள்ளிபோட்ட பழுப்புநிறப் பெண் குயிலின் குரல் வேறு, வேகமாக 'கிக் கிக் கிக்' என்று வெட்டும். நாம் கேட்டு உருகிய குரலை அவளுடையது என்று எழுதி, அவளுடைய குரலைக் கேட்காமலே விட்டுவிட்டோம்.

அறிவியலிலும் இதன் மறுபக்கம் நடந்திருக்கிறது. பாடுவது ஆண் பறவை, பெண் கேட்டுத் தேர்ந்தெடுக்கும் என்பதே நெடுங்காலப் பாடம். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பார்த்ததை வைத்து எழுதிய பாடம் அது. 2014இல் கரன் ஓடம் என்ற பெண் ஆய்வாளரும் அவர் குழுவும் உலகம் முழுக்க உள்ள பாடும் பறவைகளின் தரவுகளைப் பரிசோதித்தபோது, அவற்றில் 71 விழுக்காட்டு இனங்களில் பெண்ணும் பாடுவது தெரிந்தது. ஆதியில் இரண்டும் பாடின, சில இனங்களில் பெண் பாடுவதை நிறுத்திக்கொண்டது என்பது அவர்கள் முடிவு.

இருவாச்சிக் கதையும் இப்படித்தான். முட்டையிடும் காலத்தில் பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் இருக்க, வாயில் அடைக்கப்பட்டு ஒரு கீற்று மட்டும் மிஞ்சும். அதன் வழியே ஆண் பழம் ஊட்டும். இதை 'ஆண் தன் துணையைப் பூட்டி வைக்கிறது' என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். பெரிய இருவாச்சியில் பெரும்பாலும் பெண்ணே உள்ளேயிருந்து தன் எச்சத்தைக் குழைத்துப் பூசி வாயிலை அடைத்துக்கொள்கிறது. உடைத்து வெளியே வருவதும் அதுவே. தாமரை படர்ந்த கண்மாய்களில் வாழும் நீளவால் இலைக்கோழியில் பெண் பல ஆண்களோடு கூடும், அடைகாப்பது ஆண். மயில் உள்ளானில் வண்ணம் மிகுந்தது பெண். பெண் விடுதலைக்குப் பறவைகளிடம் போய்ச் சான்றிதழ் வாங்க வேண்டியதில்லை. ஆனால் பார்க்கிறவர் யார் என்பதைப் பொறுத்துப் பார்க்கப்படுவதும் மாறுகிறது என்பதற்கு இவை சான்று.

இனி எங்கள் நடைகள். தமிழ்க் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனி, இளவேனில் பிறப்பது சித்திரையில். பறவை நோக்குவோருக்கு இந்த மாதங்கள்தான் முக்கியம். பிப்ரவரியில் நான்கு நாட்கள் நடக்கும் உலகளாவிய கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பில் தொடங்கி, வலசை வந்தவை விடைபெறும் ஏப்ரல் வரை வார இறுதிகளில் நடப்போம். பொங்கல் நாட்களில் தமிழ்நாட்டுக்கென்றே 2015 முதல் ஒரு கணக்கெடுப்பும் உண்டு. செண்பகத்தோப்பு, ராஜபாளையம் அய்யனார் கோயில் பக்கம், ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியகுளம் கண்மாய் என்று இடம் மாறும். சாம்பல் நிற அணிலுக்காக 1988இல் அறிவிக்கப்பட்ட சரணாலயம், 2021இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாகிவிட்டதால், காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். அனுமதி இல்லாத நாட்களில் தோப்போரமும் கண்மாய்க்கரையும் போதும். மாலையில் சூறைக்குருவிகள் மத்திய ஆசியாவுக்குத் திரும்பும் முன் கூட்டம் கூட்டமாகச் சுழலும். தோப்புக்குள் ஆறுமணிக்குருவி இரண்டு சீழ்க்கையாக அழைக்கும். காலை ஆறு மணியளவிலும் மாலை ஆறு மணியளவிலும் குரல் கொடுப்பதால் அந்தப் பெயர். சித்திரை பிறந்தால் வடக்கே போய்விடும்.

இந்த ஆறு மணியைத்தான் நான் பல நாள் யோசித்திருக்கிறேன். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆம் பிரிவு, காலை 6 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் பெண்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. 2000ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடை அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று சொல்லிவிட்டது. பாதுகாப்பும் போக்குவரத்தும் கொடுத்து இரவிலும் பெண்களை வேலைக்கு வைக்கலாம் என்றானது. நூற்பாலைகளின் ஊர் ராஜபாளையம். நாங்கள் நடைக்குக் கூடும் இருட்டு வேளையில் மில் வண்டிகள் ஷிப்ட் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். வாசலில் பெண்கள் சாணம் தெளித்துக் கோலம் போடுவார்கள். பூக்கட்டுகிறவர்கள் சந்தைக்குப் போவார்கள். வைகறை ஒருபோதும் பெண்களுக்கு மூடியிருந்ததில்லை. வேலைக்கென்றால் யாரும் தடுப்பதில்லை, கோயிலுக்கென்றாலும் தடுப்பதில்லை. ஒன்றும் செய்யாமல் மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கப் போகிறேன் என்று ஒரு பெண் சொன்னால்தான் வீட்டில் கேள்வி எழும்.

நான் முதலில் போன நடையில் பதினான்கு பேர், பெண்கள் இருவர். மாணவிகளை அழைத்துவரத் தொடங்கியபோது ஒரு கல்லூரியில் எழுத்துமூல அனுமதி கேட்டேன். மாணவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்துத் தேவையில்லை, மாணவிகளுக்கு வேண்டும் என்றார்கள். ஒருத்தியின் அப்பா தொலைபேசியில் என்னிடம் கேட்டார்: "குருவி பாக்க எதுக்கு மேடம் இருட்டுல போகணும்? பத்து மணிக்குப் பறக்காதா?" நியாயமான கேள்விதான். வெயில் ஏறினால் பறவைகள் அடங்கிவிடும் என்று விளக்கினேன். "அப்ப அவ அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க" என்றார். அந்த அம்மா வந்தார். கையேட்டில் உள்ள பெயரை நாங்கள் தேடிக்கொண்டிருக்கும்போதே, "ஏ, இது எங்க கிணத்து வேம்புல நிக்கிற தவிட்டுக்குருவிதான" என்றார். மகள் திரும்பி அம்மாவைப் பார்த்த பார்வையை நான் குறித்து வைத்திருக்கிறேன்.

பெரியகுளம் கண்மாய்க்கரையில் இன்னொரு காலை. நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் மண்வெட்டியும் சட்டியுமாக உட்கார்ந்திருந்தார்கள். தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வருகிறவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். எங்கள் கழுத்தில் தொங்கிய தொலைநோக்கிகளைப் பார்த்து ஒரு மூதாட்டி சிரித்தார். "டீச்சரம்மா, இதப் பாக்கவா இம்புட்டுத் தூரம் வந்தீக? அந்தா நிக்கிற செவப்புக்காலு தண்ணி வத்துனாத்தான் வரும். எங்க ஆத்தா காலத்துல இங்கன நத்தைக்குத்தி நெறையா நிக்கும். மருந்தடிக்க ஆரம்பிச்ச பெறகு நத்தையும் போச்சு, அதுவும் போச்சு." நீர்மட்டம், இரை, பூச்சிக்கொல்லி, அறுபது ஆண்டு ஒப்பீடு எல்லாம் அந்த நான்கு வரியில் இருந்தது. கைப்பேசிச் செயலியில் அன்று நாங்கள் பதிந்தது பவளக்காலி உள்ளான், எண்ணிக்கை 23 என்று மட்டும். பதிந்தவர் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் அவர் பெயர் வர வழியில்லை. செண்பகத்தோப்புப் பளியர் பெண்களின் நிலையும் இதுதான். கிழங்குக்கும் தேனுக்கும் அந்தக் காட்டைக் காலகாலமாக அறிந்தவர்கள். காட்டுக்குள் வழிகாட்டியாகச் சம்பளத்துக்கு எங்களோடு வந்தவர்கள் எல்லோரும் ஆண்கள்.

தமிழில் பறவைப் பெயர்களைத் தொகுக்கும் வேலை நடக்காமல் இல்லை. சங்க இலக்கியத்தின் புள்ளினங்களைப் பற்றி பி.எல். சாமி தனி நூலே எழுதினார். தமிழ்ப் பேராசிரியர் க. ரத்னம் ஊர் வழக்குப் பெயர்களைத் தேடித் தொகுத்தார். மா. கிருஷ்ணன் தமிழில் எழுதிக் காட்டினார். இவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். இனி கேட்க வேண்டியது கிணற்றடியிலும் களத்திலும் கண்மாயிலும் பெண்கள் புழங்கிய பெயர்களை. அசாமில் பூர்ணிமா தேவி பர்மன், அருவருப்பான பறவை என்று ஒதுக்கப்பட்ட பெருநாரையைக் காக்கக் கிராமத்துப் பெண்களை ஆயிரக்கணக்கில் திரட்டினார். அவர்கள் நெய்யும் துணியில் அந்தப் பறவை ஏறியது. பறவைக்கு வளைகாப்பே நடத்தினார்கள். பெண்களின் சடங்கையும் தறியையும் பறவை அறிவின் இடமாக்கிய அந்த முறையிலிருந்து நெசவும் நூற்பும் உள்ள நம் ஊர் கற்றுக்கொள்ளலாம்.

நாங்கள் சிறிய மாற்றங்களைத்தான் செய்திருக்கிறோம். முதல் பேருந்தில் வரும் மாணவிகளுக்காக நடை தொடங்கும் நேரத்தை 6.30 ஆக்கினோம். கரிச்சானின் முதல் குரல் போய்விடும், பரவாயில்லை. கழிப்பறை உள்ள இடமாகப் பார்த்துக் கூடுகிறோம். ஆண், பெண் பறவைகளைத் தனித்தனியாகக் குறிக்கிறோம். ஒவ்வொருத்தியும் ஒரு பறவையின் பெயரையாவது தன் வீட்டுப் பெண்களிடம் கேட்டு, சொன்னவர் பெயரோடு எழுதிவர வேண்டும். அந்த நோட்டில் இப்போது நாற்பத்தொரு பெயர்கள் சேர்ந்திருக்கின்றன. சிலவற்றுக்கு எந்தப் பறவை என்று இன்னும் பொருத்தம் தெரியவில்லை. ஒருத்தியின் பாட்டி சொன்ன 'வெள்ளாமக் காவக்காரி' எந்தப் பறவை என்று நான்கு நடைகளாகத் தேடுகிறோம். வரும் பங்குனியில் அந்தப் பாட்டியையே கண்மாய்க்கு அழைத்து வருவதாகப் பேத்தி சொல்லியிருக்கிறாள்.